தமிழ் ஆய்வாளர்களுக்கான டிஜிட்டல் மனிதவியல் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலக்கியம், கல்வெட்டு, சுவடி, நாட்டார் வழக்காறு என்று பல துறை ஆய்வாளர்களுக்குக் கணினி வழி ஆய்வு முறைகளைச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஒவ்வொரு பட்டறைக்கு முன்பும் அதே கேள்விகள் வருகின்றன. தொலைபேசியில் அவசரமாகச் சொல்லும் பதில் பாதியில் நின்றுவிடுவதால், நிதானமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

டிஜிட்டல் மனிதவியல் என்றால் என்ன? பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து இணையத்தில் போடுவதா?

ஸ்கேன் செய்வது அதற்கு முந்தைய வேலை. அந்த வேலையைச் செய்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். 1994இல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், 2005இல் இலங்கையில் தொடங்கிய நூலகம் திட்டம் ஆகியவை இல்லாவிட்டால் நம் பட்டறைகளில் கையில் எடுக்க எதுவும் இருக்காது. ஆனால் படமாகவோ உரையாகவோ ஒரு நூல் திரைக்கு வந்தபின், கையால் செய்து முடிக்க முடியாத ஒரு கேள்வியை அதனிடம் கேட்கிறோமே, அங்கேதான் டிஜிட்டல் மனிதவியல் தொடங்குகிறது. (மானிடவியல் என்று சொல்லாமல் மனிதவியல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மானிடவியல் என்பது நம்மிடம் ஏற்கெனவே வேறொரு துறையின் பெயர்.)

உலக அளவில் இந்தக் கதையை இத்தாலியப் பாதிரியார் ரொபெர்தோ பூசாவிடமிருந்து தொடங்குவார்கள். இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாசின் நூல்களுக்குச் சொல்லடைவு (எந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல்) செய்ய 1949இல் ஐபிஎம் நிறுவனத்தை நாடிப் போனவர் அவர். வேலை முப்பது வருடம் ஓடி, அச்சில் 56 தொகுதிகளாக வந்தது. துளை அட்டைகளில் அதைப் பதித்துக் கொடுத்த இளம்பெண்களின் உழைப்பைப் பற்றி இப்போதுதான் பேசுகிறார்கள்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் நான் எந்தப் பட்டறையையும் தொடங்குவதில்லை. 1977இல் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் சிந்து எழுத்துகளுக்கான தொடரடைவை (ஒவ்வொன்றும் வரும் இடங்களைச் சூழலோடு தரும் பட்டியலை) கணினியின் உதவியோடு வெளியிட்டார். அடுத்த வருடமே வரலாற்று ஆய்வாளர்கள் கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களுக்குத் தொடரடைவு கொண்டுவந்தார்கள். அதற்கும் கணினி பயன்பட்டது. யூனிகோட் (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான கணினி எண் முறை) கிடையாது, தமிழ்த் திரை கிடையாது, அப்போதே செய்தார்கள். ஆகவே இது வெளியிலிருந்து வந்த புது மோகம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எனக்குத் தட்டச்சு மட்டும்தான் தெரியும். சேரலாமா?

சேரலாம். யாப்பும் புணர்ச்சியும் தெரிந்தவருக்குக் கணினியின் விதிகள் அந்நியமாகத் தெரிவதில்லை. நன்னூல் சூத்திரத்தைப் பிரித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவர், 'இந்த எழுத்துக்குப் பின் இந்த எழுத்து வந்தால் இப்படித் திரியும்' என்ற விதியைக் கணினிக்கும் எழுதிக் கொடுத்துவிடுவார். பயிற்சியில் தடுமாறுகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் ஆய்வுக் கேள்வி என்னவென்று முடிவு செய்யாமல் வந்தவர்கள்தான்.

முதல் நாள் என்ன நடக்கும்?

எழுத்தைப் பற்றி மட்டுமே பேசுவோம். ஒரு நாள் முழுக்கவா என்று சிலருக்குச் சலிப்பாக இருக்கும். மதியத்துக்குள் அந்தச் சலிப்பு போய்விடும்.

'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்பது நமக்குத் தெரியும். பைத்தான் என்ற நிரல்மொழியிடம் கேட்டால் ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது எண்ணுகிறது. சரி, இதனால் என்ன நஷ்டம்? ஓர் ஆய்வு மாணவர் ஒரு நாவல் தொகுதிக்குச் சொல் எண்ணிக்கை எடுத்துக்கொண்டு வந்தார். பட்டியலின் உச்சியில் இருந்தது 'க' என்ற ஒற்றை எழுத்து. 'க' எப்படி ஒரு சொல்லாகும்? சொல்லைப் பிரித்தெடுக்க அவர் பயன்படுத்திய குறியீடு, புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்வதில்லை. குறி வரும் இடத்தில் எல்லாம் சொல்லை வெட்டிவிடும். 'தமிழ்' என்று கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டு வரும். 'அவனுக்கு' என்று கொடுத்தால் 'அவன', 'க', 'க'. தமிழில் எத்தனை 'க்கு' உண்டோ அத்தனை 'க' கூடிக்கொண்டே போயிருக்கிறது. அவர் அதை வைத்து வரைபடமும் போட்டு, ஒரு கட்டுரைக்கு முன்வரைவும் எழுதியிருந்தார். தவறு அவருடையதல்ல, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆன்ட்கான்க் போன்ற இலவசச் சொல்லாய்வு மென்பொருளிலும் இதே சிக்கல் உண்டு. குறிகளையும் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள் என்று அமைப்புப் பக்கத்தில் நாமே சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரே ஒரு பெட்டியில் டிக் போடுகிற வேலைதான், ஆனால் ஆய்வின் முடிவே அதில் மாறிவிடும்.

அடுத்தது 'கோ'. இதை இரண்டு விதமாகக் கணினியில் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒன்றாகச் சேர்ப்பது ஒரு விதம். ககரத்தோடு இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காமல் போகும். 'கௌ' எழுதும்போது குறிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டிவிடுவதும் ரொம்பச் சாதாரணம். இதையெல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் வேலைக்கு இயல்பாக்கம் என்று பெயர். எதை ஆய்வு செய்வதாக இருந்தாலும் முதலில் இதைச் செய்துவிட வேண்டும்.

அகரவரிசையையும் அன்றே பார்த்துவிடுவோம். யூனிகோட் எண் வரிசையில் அடுக்கினால் னகரம் நகரத்தை ஒட்டி, பகரத்துக்கு முன்பே வந்து நிற்கும். சொல்லடைவு செய்கிறவர் இதைக் கவனிக்காவிட்டால் அச்சுக்குப் போன பிறகு வருத்தப்பட வேண்டியிருக்கும்.

என் பழைய கோப்புகள் எல்லாம் பாமினி, வானவில் எழுத்துருவில் இருக்கின்றன. வீணா?

வீணில்லை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்து ஏமாற்றிய முறை. எழுத்துரு போய்விட்டால் உள்ளே இருப்பது வெறும் ஆங்கில எழுத்துக் கூட்டம். தமிழ்நாட்டு அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய எத்தனையோ ஆய்வேடுகள் இன்னும் அந்தப் பழைய வடிவத்திலேயே வன்தட்டுகளில் கிடக்கின்றன. மாற்றித்தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கோப்புக்குள் உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் தமிழாக்கிக் குழப்பிவிடும் என்பதால், மாற்றிய பின் ஒரு முறை உட்கார்ந்து படித்துப் பார்ப்பது அவசியம்.

ஓலைச்சுவடியைக் கணினியே படித்துவிடுமா?

படிக்கும், நாம் கற்றுக்கொடுத்தால். கையெழுத்துகளுக்கு டிரான்ஸ்கிரிபஸ், ஈஸ்கிரிப்டோரியம் இரண்டும் பெரிதாகப் பயன்படுகின்றன. முன்னது இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில் பிறந்து இப்போது ஒரு கூட்டுறவு அமைப்பால் நடத்தப்படுவது, குறிப்பிட்ட அளவுக்கு மேல் கட்டணம் உண்டு. பின்னது பாரிசில் உருவான திறந்த மூல மென்பொருள். நாம் சில பக்கங்களை வரிவரியாகப் படித்துத் தட்டச்சு செய்து கொடுத்தால், அதைப் பார்த்து மற்ற பக்கங்களைப் படிக்கப் பழகிக்கொள்ளும். தொடக்கத்துக்கு 5,000 முதல் 15,000 சொற்கள் தேவை என்பது டிரான்ஸ்கிரிபஸ்காரர்கள் சொல்லும் கணக்கு. ஓலையில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது என்பதால் நாங்கள் வரிக்கணக்கில்தான் பேசுவோம்.

இங்கேதான் சுவடி படிக்கத் தெரிந்தவரின் அருமை தெரியும். பெரும்பாலான ஏடுகளில் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம். இப்போது ஓலையில் ஒரு கொம்பு, ஒரு ககரம், ஒரு கால் உருவம் மூன்றும் வரிசையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 'கொ', 'கோ', 'கெர', 'கேர', 'கெர்', 'கேர்' இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். ஆறு வாசிப்பு! எதுவென்று நமக்குச் சொல்வது முன்பின் சொற்கள், யாப்பு, எதுகை, கதை தெரிந்த மனம்.

கணினிக்கு எதைக் கற்றுக்கொடுப்பது? கண்ணில் பட்டதை அப்படியே, அதாவது புள்ளியில்லாமல் கொடுப்பதா? நாம் படித்துத் தெளிந்ததைக் கொடுப்பதா? முதல் வழியில் இயந்திரம் சீக்கிரம் பழகும், எழுதியவரின் கைப்பழக்கமும் அப்படியே பதிவாகும். ஆனால் தெளிவாக்கும் வேலை அப்புறம் நம் தலையில் விழும். இரண்டாவது வழியில் படிக்கத்தக்க உரை நேரே கையில் வரும், ஆனால் இயந்திரம் எங்கே பார்த்தது, எங்கே ஊகித்தது என்று பிரித்தறிய முடியாது. நான் முதல் வழியைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஊகம் மனிதருடையதாக, கையொப்பத்தோடு இருக்கட்டும் என்பது என் எண்ணம். வைத்திய ஏட்டில் மருந்தின் ஓர் அளவைத் தவறாக ஊகித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த முடிவை மென்பொருள் எழுதியவரிடம் விடக் கூடாது. அவருக்கு இரட்டைக் கொம்பின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அச்சு நூலுக்கு நிலைமை எவ்வளவோ மேல். டெசராக்ட் என்ற இலவசக் கருவி ஓரளவு நல்ல அச்சைத் தாராளமாகப் படிக்கும். பழைய பதிப்புகளில் பாட்டு எண்ணும் பக்க எண்ணும் தமிழ் இலக்கங்களில் இருக்கும் இடங்களில் மட்டும் விழிப்பாக இருங்கள். ௧ என்பதைக் ககரமாகவும், ௭ என்பதை எகரமாகவும், ௮ என்பதை அகரமாகவும் அது படித்து வைத்திருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்க வேண்டுமா?

இப்போது அதிகம் கேட்கப்படுவது இதுதான். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். சிறு நிரல் எழுதித் தருவதில், பிழைச் செய்தி என்ன சொல்கிறது என்று விளக்குவதில் அது பெரிய துணை. பைத்தான் பயம் பாதி குறைந்தது அதனால்தான்.

ஆனால் சிதைந்த ஓலைப் படத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். இராமபாணப் பூச்சி துளைத்த இடத்திலும் அழகான தமிழ்ச் சொல்லைப் போட்டுத் தரும். பழைய எழுத்துணரிகள் (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்கள்) தவறு செய்தால் அபத்தமாக இருக்கும், உடனே கண்ணில் படும். இந்தப் புதுக் கருவிகளின் தவறு சரளமாக இருக்கிறது, ஓசையும் சரியாக இருக்கிறது, அதனால் கண் தாண்டிப் போய்விடுகிறது. பாடபேதம் (ஏட்டுக்கு ஏடு மாறும் சொல்) பார்த்துப் பழகிய நமக்கு இது புதிய ஆபத்தில்லை. ஏடெழுதுவோர் தமக்குப் புரியாத சொல்லைப் புரிந்த சொல்லாக மாற்றி எழுதிய கதை நம் பதிப்பாசிரியர்கள் எல்லாருக்கும் தெரியும். அதே சந்தேகத்தோடு இதையும் படிக்க வேண்டும். அதனால் எங்கள் பட்டறையில் ஒரு விதி: கருவி தந்த உரையில் குறைந்தது நூறு வரியை மூலத்தோடு ஒப்பிட்டு, எத்தனை எழுத்துப் பிழை என்று எண்ணி எழுதாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

டிஇஐ என்று சொல்கிறார்களே, அது எதற்கு? வேர்டு கோப்பு போதாதா?

வேர்டு கோப்பில் ஒரு சொல்லைச் சாய்வெழுத்தில் போடுகிறீர்கள். அது நூல் பெயரா, வடசொல்லா, பாடபேதமா? உங்களுக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பத்து வருடம் கழித்து உங்களுக்கும் தெரியாது. டிஇஐ (டெக்ஸ்ட் என்கோடிங் இனிஷியேட்டிவ்) என்பது 1987இல் தொடங்கிய ஒரு பொது ஏற்பாடு. உரையின் ஒவ்வொரு பகுதிக்கும் இது இன்னது என்று பெயரிட்டு எழுதும் முறை. இது புலவர் பெயர், இது திணை, இது துறை, இது கூற்று, இந்த இடத்தில் ஏடு சிதைந்திருக்கிறது, இந்த எழுத்து ஐயத்துக்குரியது, இந்தச் சொல்லுக்கு இன்ன சுவடியில் இன்ன பாடம் என்று எல்லாவற்றையும் உரைக்குள்ளேயே குறித்துவிடலாம்.

சங்கப் பாடலின் அடியில் வரும் கூற்றுக் குறிப்பு (யார் யாருக்குச் சொன்னது என்பது) பாடலின் பகுதியா, பின்னால் வந்த ஒருவர் எழுதியதா? குறியிட உட்கார்ந்ததும் இந்தக் கேள்விக்கு நீங்கள் ஒரு நிலைப்பாடு எடுத்தாக வேண்டும். ஒரு குறுந்தொகைப் பாட்டுக்குக் குறியிட எங்கள் வகுப்பில் ஒரு மதியம் முழுக்க ஆகிறது. வாதம் நடக்கிறது, சில சமயம் குரல் உயர்கிறது. எனக்குப் பயிற்சியிலேயே மிகவும் பிடித்த நேரம் அதுதான். அச்சுப் பதிப்பில் வசதியாக மூடி மறைத்துவிட்டுப் போகக்கூடிய ஐயங்கள் எல்லாம் அப்போது மேசைக்கு வந்துவிடுகின்றன.

கல்வெட்டுக்காரர்களுக்கு இதன் கிளையாக எபிடாக் என்ற முறை உண்டு. ஐரோப்பிய ஆய்வு மன்ற நிதியில் 2019இல் தொடங்கிய தர்மா திட்டத்தில் தமிழ்க் கல்வெட்டுகளையும் இந்த முறையில் பதிப்பித்திருக்கிறார்கள். பார்த்துப் பழக நல்ல மாதிரி.

அப்படியென்றால் நிரல் எழுதவும் கற்க வேண்டுமா?

கொஞ்சம். மென்பொருள் செய்கிற அளவுக்கு வேண்டாம், தேடுகிற அளவுக்கு வேண்டும். குறுந்தொகையில் நீர் வரும் இடங்களையெல்லாம் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேடு பெட்டியில் 'நீர்' என்று தட்டினால், சந்தி பிரிக்காத பதிப்பில் எல்லாருக்கும் தெரிந்த அந்தச் செம்புலப் பெயல்நீர் கிடைக்காது. அங்கே அது 'பெயனீர்' என்று இருக்கிறது. லகரமும் நகரமும் சேர்ந்து னகரமாகிவிட்டன. சங்க இலக்கியத்தில் நீர் பற்றி ஆய்வு செய்துவிட்டு அந்தப் பாட்டையே விட்டுவிட்டால் எப்படி இருக்கும்!

இதற்குத்தான் ரீஜெக்ஸ் என்ற தேடல் விதிமொழி. 'நீர்' அல்லது 'னீர்' அல்லது 'ணீர்' என்று ஒரே வரியில் கேட்கலாம். அப்போது 'கண்ணீர்' தொடங்கி வேண்டாத சில வடிவங்களும் சேர்ந்து வரும், அவற்றைப் படித்துக் கழிக்க வேண்டும். இரண்டு நாளில் இதைக் கற்றுக்கொள்ளலாம், அதன்பின் வாழ்நாள் முழுக்கப் பயன்படும். ஆய்வாளர் ஒரே ஒரு தொழில்நுட்பம்தான் கற்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பைத்தான் அதற்கு அடுத்தபடி.

தமிழுக்கு இலக்கணக் குறியிட்ட தரவு மிகக் குறைவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல இலக்கணப் பகுப்பாய்வுக் கருவிகள் பழகியிருப்பது 600 வாக்கியங்கள் மட்டுமே கொண்ட ஒரு தற்காலத் தமிழ்த் தொகுப்பில். அதைக் கொண்டுபோய்ப் பத்துப்பாட்டில் ஓட்டிவிட்டு வரும் எண்களை நம்பக் கூடாது.

நான் கல்வெட்டு ஆய்வு செய்கிறேன். எனக்கு இதில் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. பெயர்களை ஒழுங்குசெய்ய ஓப்பன்ரிஃபைன், இடங்களை வரைபடத்தில் வைக்கக் கியூஜிஐஎஸ், இரண்டும் இலவசம்.

ஓப்பன்ரிஃபைனில் இராசராசன், இராஜராஜன், ராஜராஜன் என்ற மூன்று எழுத்து வடிவங்களை அது சேர்த்துக் காட்டி, ஒன்றாக்கவா என்று கேட்கும். இங்கே ஆமாம் சொல்லலாம். ஆனால் 'பரகேசரி' என்று வரும் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட்டால் போயிற்று. சோழ அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடினார்கள். ஒரே பட்டத்துக்குள் பல தலைமுறை அரசர்கள் இருக்கிறார்கள். ஒரு சொடுக்கில் அவர்கள் எல்லாரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

வரைபடத்திலும் இதே கவனம் வேண்டும். சோழர் காலத்தில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு, பல நாடுகள் சேர்ந்தது ஒரு வளநாடு. வளநாட்டுப் பெயர்கள் அரசரின் பட்டப்பெயரை ஒட்டி வைக்கப்பட்டவை, அரசர் மாறும்போது மாறியவையும் உண்டு. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் காலத்தையும் சேர்த்தே பதிய வேண்டும். சுப்பராயலு 1973இல் சோழநாட்டின் அரசியல் புவியியலை எழுதியபோது நாடுகளின் எல்லையை ஊர்ப்பெயர்களைக் கொண்டே கட்டியெழுப்பினார். எங்கள் பயிற்சியில் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு, கல்வெட்டில் வரும் ஊர்களை இன்றைய வரைபடத்தில் தேடிப் புள்ளி வைக்கச் சொல்வோம். ஒரு நாளில் ஏழெட்டு ஊர் தேறினால் பெரிது. அதற்குள்ளேயே ஆறு ஏன் எல்லையாக இல்லாமல் நடுவில் ஓடுகிறது என்பது போன்ற கேள்விகள் தாமாக எழும்.

எங்கே படிக்கலாம்? செலவு எவ்வளவு ஆகும்?

மென்பொருளுக்குப் பெரும்பாலும் செலவில்லை. வெளிநாட்டில் பெயர்பெற்றது, 2001இல் தொடங்கிக் கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு நடந்த கோடைப் பயிலரங்கு. அமெரிக்காவில் என்இஎச் (மனிதவியல் துறைகளுக்கான தேசிய நிதி அமைப்பு) என்ற அரசு அமைப்பு உயர்நிலைப் பயிலரங்குகளுக்கு நிதி கொடுத்துவந்தது. 2025 ஏப்ரலில் அதன் ஏராளமான மானியங்கள் ரத்தாயின என்பதால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். வீட்டிலிருந்தே கற்க புரோகிராமிங் ஹிஸ்டோரியன் தளம் அருமையானது, முற்றிலும் இலவசம். அதில் ஆங்கிலம், ஸ்பானியம், பிரெஞ்சு, போர்த்துக்கீசிய மொழிகளில் பாடங்கள் இருக்கின்றன. தமிழில் இல்லை. தமிழில் இப்படி ஒன்று வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். ஆங்கிலம் தடையாக இருப்பதாலேயே ஒதுங்கி நிற்கும் நல்ல புலவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஐந்து நாள் பட்டறை போதுமா?

போதாது. ஐந்து நாளில் வாசல் தெரியும், அவ்வளவுதான். ஊருக்குப் போனபின் மூன்றாவது வாரத்தில் ஏதோ ஒரு பிழைச் செய்தி வரும், கேட்க ஆள் இருக்காது, மடிக்கணினியை மூடிவிடுவார்கள். அதனால் பட்டறைக்குப் பின் ஆறு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இணையத்தில் கூடுவதையும் பயிற்சியின் பகுதியாகவே வைத்திருக்கிறோம். கூட்டமாக வராமல், ஒரே துறையிலிருந்து இரண்டு பேராக வந்தால் நல்லது. ஒருவர் மறந்ததை மற்றவர் நினைவுபடுத்துவார்.

காப்புரிமைச் சிக்கல் வருமா?

இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 வருடம், இலங்கையில் 70 வருடம். தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் கூடுதல் வசதி. சட்டம் இடம் கொடுத்தாலும், ஏடு ஒரு வீட்டிலிருந்தோ மடத்திலிருந்தோ வந்தது என்றால் அவர்களிடம் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். நாட்டார் பாடல் பதிவென்றால் பாடியவருக்கும் அதே மரியாதை உண்டு.

செய்த வேலையை எங்கே வைப்பது?

ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. பேராசிரியர் ஒருவர் மூன்று வருடம் உட்கார்ந்து படியெடுத்த உரைகள், துறையின் ஒரே கணினியில் இருந்தன. கணினியை மாற்றியபோது பழையதைக் கழிவில் போட்டுவிட்டார்கள். அவர் அதை என்னிடம் சொன்னபோது குரல் தழுதழுத்தது. பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது அதன் டிஜிட்டல் தொகுப்புகள் பல மாதம் கிடைக்காமல் போயின. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததில் சுமார் 97,000 நூல்கள் போயின. அவற்றில் சிலவற்றுக்கு உலகில் வேறு படியே இல்லை.

ஆகவே உங்கள் கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று என்று மூன்று படி வையுங்கள். முடிந்த தரவை ஜெனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் இட்டால் நிலையான அடையாள எண்ணும் கிடைக்கும், மற்றவர்கள் மேற்கோள் காட்டலாம். வேர்டு கோப்போடு நிறுத்தாமல் எளிய உரைக் கோப்பாகவும் ஒரு படி வைத்துவிடுங்கள்.

வரும்போது என்ன எடுத்து வர வேண்டும்?

மடிக்கணினி, சார்ஜர். தமிழ்99 விசைப்பலகை பழகியிருந்தால் நல்லது. அப்புறம் உங்கள் சொந்த ஆய்வுப் பொருளிலிருந்து பத்துப் பக்கம். ஏட்டுப் படம், கல்வெட்டின் மைப்படி, பழைய பதிப்பு, களப்பதிவு எதுவானாலும் சரி. நாங்கள் மாதிரிப் பாடம் வைத்திருக்கிறோம், ஆனால் அதில் பழகியவர்களைவிடத் தன் பொருளில் பழகியவர்கள்தான் ஊருக்குப் போயும் தொடர்கிறார்கள். அந்தப் பத்துப் பக்கத்தில் உங்களுக்கே இதுவரை புரியாத ஓரிடம் இருந்தால், அதில் பென்சிலால் வட்டம் போட்டு எடுத்து வாருங்கள். முதல் நாள் மாலை அதிலிருந்துதான் ஆரம்பிப்போம்.